பெர்னார்டினோ ராமாட்சினி: தொழில் என்னவென்று கேட்ட மருத்துவர்

மருத்துவமனைக்குச் செல்லும்போது உங்கள் பெயர், வயது, உடலின் தொல்லை, அது தொடங்கிய நாள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்றும் சில மருத்துவர்கள் கேட்பதுண்டு. நோயாளியிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்றாக அதனை வலியுறுத்தி நிலைநிறுத்தியவர், 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெர்னார்டினோ ராமாட்சினி என்னும் மருத்துவர் ஆவார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் இன்று அவரைப் போற்றுகிறது.

பணியிடத்தில் உடல் வளையும் கோணங்களை ஒளிப்படத்திலிருந்து கணக்கிட்டு, இந்த வேலை இன்னின்ன அளவிற்கு உடலை வருத்தும் என்று மதிப்பிடும் மென்பொருள்கள் இப்போது பயன்பாட்டிற்கு வந்துள்ளன. அவற்றின் அடிப்படையில் அமைந்த எண்ணம், கணினிக்கு நெடுங்காலம் முன்னரே ராமாட்சினியின் நூலில் எழுதப்பட்டது. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது, உங்கள் கை, கழுத்து, முதுகு ஆகியவற்றில் தோன்றும் வலியை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள உதவும்.

இளமையும் கல்வியும்

ராமாட்சினி 1633-ஆம் ஆண்டு வட இத்தாலியில் மோடெனா நகருக்கு அருகிலுள்ள கார்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். பார்மா பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் மருத்துவமும் பயின்று 1659-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் ரோம் நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார். அதன்பின் ரோமுக்கு வடக்கேயுள்ள கனினோ, மார்த்தா ஆகிய ஊர்களில் மருத்துவராகப் பணியாற்றினார்.

அப்பகுதி மலேரியாக் காய்ச்சல் மிகுந்த பகுதி. இளம் மருத்துவரான அவரையும் அந்நோய் பற்றியது. உடல் நலிந்த நிலையில் சொந்த ஊரான கார்பிக்குத் திரும்பினார். ஒருவர் வாழும் இடமும் அங்கு செய்யும் வேலையும் அவருடைய நோயைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை அவர் தம் உடலிலேயே அறிந்திருந்தார் எனலாம்.

1671-ஆம் ஆண்டு அவர் மோடெனா நகருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அந்நகரை எஸ்தே மரபினர் ஆண்டுவந்தனர். 1682-ஆம் ஆண்டு மோடெனா பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கோட்பாட்டுப் பேராசிரியராக அவர் அமர்த்தப்பட்டார். 1690-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அப்பகுதியில் பரவிய கொள்ளைக் காய்ச்சல்களை ஆண்டுவாரியாகக் கவனித்து எழுதினார். 1691-இல் மோடெனாவின் ஊற்றுக் கிணறுகளைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். பழைய நூல்களில் உள்ளதை மட்டும் திரும்பச் சொல்லாமல், கண்ணெதிரில் காண்பதைக் குறித்துவைப்பது அவருடைய இயல்பாக இருந்தது.

கழிவுக்குழியில் கண்ட உண்மை

மோடெனா நகரின் வீடுகள் உயரமாகவும் நெருக்கமாகவும் அமைந்திருந்தன. வீடுகளின் கழிவுக்குழிகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்களைக் கொண்டு துப்புரவு செய்வது வழக்கம். ஒருநாள் ராமாட்சினியின் வீட்டிலும் அவ்வேலை நடைபெற்றது. குழிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவர் மிகுந்த பரபரப்புடன் வேலை செய்வதை அவர் கண்டார். ஏன் இவ்வாறு விரைகிறாய், சற்று மெல்லச் செய்தால் இவ்வளவு களைப்பு வராதே என்று இரக்கத்துடன் கேட்டார்.

அந்தத் தொழிலாளி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அந்த இடத்தில் நான்கு மணி நேரத்திற்கு மேல் இருப்பது கண்ணை இழப்பதற்குச் சமம் என்று விடையளித்தார். அவர் குழியிலிருந்து வெளியே வந்ததும் ராமாட்சினி அவருடைய கண்களை ஆராய்ந்தார். அவை சிவந்து, பார்வை மங்கியிருந்தன. இதற்கு என்ன செய்வீர்கள் என்று வினவினார். உடனே வீட்டுக்குச் சென்று, இருட்டறையில் மறுநாள் வரை அடைந்திருந்து, வெதுவெதுப்பான நீரால் கண்களைக் கழுவுவோம் என்று அவர் தெரிவித்தார்.

இதன்பின் ராமாட்சினி நகரத் தெருக்களைப் புதிய கண்ணோடு பார்த்தார். அரைப்பார்வையோடும் பார்வையற்றும் பிச்சையெடுத்துத் திரிந்தோருள் பலர் முன்பு இதே வேலையைச் செய்தவர்கள் என்பதை அறிந்தார். கழிவுக்குழிகளில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கண்ணைக் கடுமையாக உறுத்திப் புண்படுத்தும் என்பதை இன்றைய மருத்துவம் நன்கு அறியும். அவருக்கு அந்த வாயுவின் பெயர் தெரியாது. ஆயினும் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை, அதை அனுபவித்தவரிடமே கேட்டு அறிந்துகொண்டார். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் இந்நிகழ்ச்சியால் தோன்றியது என்று அவரே பதிவு செய்துள்ளார்.

பட்டறைகளைத் தேடிச் சென்றவர்

அக்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பட்டறைகளுக்குள் நுழைவது பெருமைக்குரிய செயலாகக் கருதப்படவில்லை. ராமாட்சினி அதைப் பொருட்படுத்தவில்லை. குயவர், செம்புக் கொல்லர், கண்ணாடி செய்வோர், சாயம் தோய்ப்போர், தையற்காரர், ரொட்டி சுடுவோர், நெசவாளர், சுமை தூக்குவோர், மருத்துவச்சிகள் எனப் பலதரப்பட்ட உழைப்பாளர்களின் நோய்களை ஆராய்ந்தார்.

இவ்வாய்வின் பயனாக 1700-ஆம் ஆண்டு மோடெனாவில், உழைப்பாளர்களின் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் இயல் என்ற முறையில் அந்நூல் அமைந்தது. சுரங்கத் தொழிலாளர் முதலிய சிலருடைய நோய்களைப் பற்றி அவருக்கு முன்பே சிலர் எழுதியிருந்தனர். இத்தனை தொழில்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்த நூல் அதுவரை இருந்ததில்லை. 1705-ஆம் ஆண்டிலேயே அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குச் செல்லும் மருத்துவர் நின்றபடியே நாடி பார்த்துவிட்டு விரைந்து செல்லக்கூடாது என்று அந்நூலின் முன்னுரையில் அவர் வற்புறுத்துகிறார். அங்கிருக்கும் சாதாரணப் பலகையிலேனும் அமர்ந்து, பொறுமையாகக் கேட்க வேண்டும் என்கிறார். கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசு, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவற்றை வகுத்திருந்தார். அவற்றோடு தொழில் யாது என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது ராமாட்சினியின் துணிபு. நோயின் காரணம் அந்த விடைக்குள் இருக்கையில், அதைக் கேளாமலே மருந்து கொடுப்பதால் பயன் சிறிதே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நோய்க்கு இரண்டு காரணங்கள்

தொழிலால் வரும் நோய்களை ராமாட்சினி இரண்டு காரணங்களில் அடக்கினார். முதலாவது, கையாளும் பொருள்களின் நச்சுத்தன்மை. மட்பாண்டங்களுக்கு மெருகேற்ற ஈயத்தைப் பயன்படுத்திய குயவர்களின் கைகள் நடுங்கின. வெனிசு நகரை அடுத்த முரானோ தீவில் பாதரசம் பூசி முகம்பார்க்கும் கண்ணாடி செய்தவர்கள் மூச்சிரைப்புக்கும் பக்கவாதத்திற்கும் ஆளாயினர். அவர்கள் தாம் செய்த கண்ணாடியிலேயே தம் கேட்டைக் கண்டனர்.

இரண்டாவது காரணம்தான் இன்றைய பணிச்சூழலியலுக்கு வித்திட்டது. கையில் நச்சுப்பொருள் எதுவும் இல்லாவிட்டாலும், உடலின் இயல்புக்கு மாறான நிலைகளும், கடுமையான அல்லது ஒழுங்கற்ற அசைவுகளும் மெல்ல மெல்ல உடலின் அமைப்பைக் கெடுத்து நோயை உண்டாக்கும் என்று அவர் கூறினார்.

நாள் முழுவதும் குனிந்து தைக்கும் தையற்காரர்களும் காலணி தைப்போரும் கூன் விழுந்து போயினர். ஒரு காலைத் தொடைமேல் மடித்து வைத்திருக்கும் தையற்காரர்களுக்குக் கால் மரத்துப்போதலும் இடுப்பு வலியும் உண்டாயின. இத்தொழிலாளர்களின் சங்கங்கள் திருவிழா நாள்களில் இருவர் இருவராக ஊர்வலம் செல்கையில், வளைந்த முதுகோடும் நொண்டும் காலோடும் அவர்கள் நடந்து செல்வதை அவர் விவரித்துள்ளார். ஒரே தொழில் ஒரே வகையாக உடல்களை வளைத்துவிட்டதற்கு அந்த ஊர்வலம் சான்றாக இருந்தது.

மாவு பிசைவோரின் கைகள் வீங்கின. நெடுநேரம் நின்று வேலை செய்வோரின் கால்களில் நரம்பு சுருட்டல் என்று மக்கள் கூறும் சிரைநோய் தோன்றியது. சுமை தூக்குவோர் குடலிறக்கத்தால் துன்புற்றனர். வெனிசு நகரின் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்து, நாள் முழுதும் செம்பைத் தட்டிவந்த கொல்லர்கள் செவித்திறனை இழந்தனர். இவை அனைத்தும் பழக்கத்தால் வந்தவை, விதியால் வந்தவை அல்ல என்பதே அவருடைய முடிவு.

எழுதிய கை ஓய்ந்த கதை

நீங்கள் கணினியின் முன் அமர்ந்து பணிபுரிபவராயின், அவர் எழுத்தர்களைப் பற்றிக் கூறியவை உங்களுக்கு மிகவும் நெருக்கமானவை. அரசர்களின் அலுவலகங்களிலும் வணிகர்களின் கடைகளிலும் பலர் நாள் முழுதும் எழுதிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய துன்பத்திற்கு ராமாட்சினி மூன்று காரணங்களைக் கண்டார். இடைவிடாமல் அமர்ந்திருத்தல் ஒன்று. கை ஓயாமல் ஒரே திசையில் அசைந்துகொண்டிருத்தல் மற்றொன்று. மூன்றாவது மனத்தின் இறுக்கம். எழுத்தில் பிழை நேர்ந்தால் ஏடு கெடும், கணக்குத் தவறினால் முதலாளிக்கு இழப்பு வரும் என்ற கவலை எழுத்தரை நாள் முழுதும் அழுத்தியது.

மோடெனாவில் அவர் அறிந்த பத்திர எழுத்தர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் எழுதியே நல்ல பொருள் ஈட்டியிருந்தார். முதலில் அவருடைய வலக்கை முழுவதும் மிகுந்த சோர்வு தோன்றியது. எந்த மருந்தும் பயன்படவில்லை. இறுதியில் வலக்கை செயலிழந்தது. அவர் மனந்தளராமல் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். சில காலத்தில் இடக்கையையும் அதே நோய் பற்றியது.

இந்நிகழ்ச்சியின் பொருளை நன்கு எண்ணிப் பாருங்கள். நோய் அந்த மனிதருடைய கையில் மட்டும் இருந்திருந்தால், கையை மாற்றியதும் தொல்லை தீர்ந்திருக்கும். அது வேலை செய்யும் முறையில் இருந்தது. எனவே அந்த முறையைப் பின்பற்றிய மறுகையையும் அது விடவில்லை.

அவர் கூறிய தடுப்பு முறைகள்

ராமாட்சினியின் அறிவுரைகள் எளிமையானவை. நின்று வேலை செய்வோர் வாய்ப்பு நேரும்போதெல்லாம் சற்று அமரவோ நடக்கவோ வேண்டும். அமர்ந்து வேலை செய்வோர் விடுமுறை நாள்களிலாவது உடற்பயிற்சி செய்து, பல நாள் அமர்ந்ததால் வந்த தீங்கை ஓரளவு நீக்கிக்கொள்ள வேண்டும். நுண்ணிய வேலை செய்வோர் இடையிடையே கண்களை வேலையிலிருந்து எடுத்து வேறிடத்தில் செலுத்த வேண்டும். கழிவுக்குழியில் இறங்குவோர், ஒளி ஊடுருவும் மெல்லிய தோற்பையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்.

அவருடைய அறிவிற்கும் எல்லைகள் இருந்தன. உடலின் நீர்மங்கள் கெடுவதால் நோய் வருகிறது என்ற பழைய கொள்கையை ஒட்டியே பல நோய்களை அவர் விளக்கினார். அவ்விளக்கங்களுள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. மேலும், வறுமையால் வேலையை விட முடியாதவர்களுக்கு மருத்துவரால் செய்யக்கூடியது குறைவே என்பதை அவர் அறிந்திருந்தார். வேலை தொடரும் வரை மருந்து முழுப்பயன் தராது என்பதை மறைக்காமல் எழுதினார். விளக்கங்கள் பழமையாகிவிட்டபோதும், அவர் கண்டு எழுதிய காட்சிகள் இன்றும் பொய்க்கவில்லை.

பதுவாவில் இறுதி ஆண்டுகள்

நூல் வெளிவந்த 1700-ஆம் ஆண்டிலேயே வெனிசு குடியரசின் ஆட்சிக்குட்பட்ட பதுவா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐ வெகுவாகக் கடந்திருந்தது. முதுமையில் பார்வை மங்கி, ஏறத்தாழப் பார்வையற்றவரானார். ஆயினும் கற்பிப்பதையும் எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. 1713-ஆம் ஆண்டு தம் நூலை விரிவாக்கி, மேலும் 12 தொழில்களைச் சேர்த்து இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். எழுத்தர்களைப் பற்றிய இயல் இப்பதிப்பில் இடம்பெற்றதே. 1714-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் பதுவா நகரில் அவர் காலமானார்.

கண்ணால் கண்டது கணக்காக மாறியது

ராமாட்சினி கண்ணால் கண்டு சொற்களால் எழுதியதைப் பிற்காலத்து அறிஞர்கள் எண்களாக மாற்றினர். பணிச்சூழலியல் என்னும் துறைக்கு 1857-ஆம் ஆண்டு போலந்து நாட்டு அறிஞர் வோய்ச்சேக் யஸ்த்செம்போவ்ஸ்கி பெயரிட்டார். 1970-களில் பின்லாந்தின் ஓவாக்கோ எஃகு ஆலையில், முதுகு, கைகள், கால்கள், சுமை ஆகியவற்றின் நிலையைக் குறியெண்களாகக் குறிக்கும் ஓவாஸ் முறை உருவானது.

1993-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த லின் மெக்காட்டம்னி, நைஜல் கார்லெட் ஆகியோர் ரூலா என்னும் முறையை வெளியிட்டனர். இது மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, உடற்பகுதி, கால்கள் ஆகியவற்றின் நிலையைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் தருகிறது. 1 அல்லது 2 எனில் அந்நிலை ஏற்கத்தக்கது. 7 எனில் வேலைமுறையை உடனே மாற்ற வேண்டும். 2000-ஆம் ஆண்டு சூ ஹிக்னெட்டும் மெக்காட்டம்னியும் வெளியிட்ட ரீபா முறை, நோயாளிகளைத் தூக்கும் செவிலியர் போன்றோருக்கும் பொருந்துமாறு முழு உடலையும் கணக்கில் கொள்கிறது. சுமை தூக்குவதற்கு அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வகுத்து 1991-இல் திருத்திய சமன்பாடு உள்ளது. எல்லாச் சூழலும் மிகச் சாதகமாக இருக்கும்போது 23 கிலோகிராம் என்பதை அது மேல்வரம்பாகக் கொள்கிறது. சுமை உடலைவிட்டு விலகினாலோ, உடலைத் திருப்பித் தூக்கினாலோ, அடிக்கடி தூக்கினாலோ அவ்வரம்பு குறையும்.

இன்றைய மென்பொருள்கள் இம்முறைகளையே தானியங்கி ஆக்குகின்றன. வேலை செய்பவரின் ஒளிப்படத்திலோ காணொளியிலோ மூட்டுகளின் இடங்களைக் குறித்து, கோணங்களைக் கணக்கிட்டு, மதிப்பெண் வழங்குகின்றன. வல்லுநர் ஒருவர் தாளில் குறித்துக் கணக்கிட வேண்டியதை அவை விரைவில் முடிக்கின்றன.

இங்கு ராமாட்சினி எழுத்தர்களுக்குக் கூறிய மூன்று காரணங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஒரே நிலையில் அமர்ந்திருப்பதையும், கை திரும்பத் திரும்ப அசைவதையும் ரூலா கணக்கில் கொள்கிறது. ஓர் அசைவு ஒரு நிமிடத்தில் 4 முறைக்கு மேல் திரும்ப நிகழ்ந்தால் மதிப்பெண்ணில் ஒன்றைக் கூட்டுகிறது. மூன்றாவது காரணமான மனத்தின் இறுக்கம் அதன் அட்டவணையில் இல்லை. பிழை நேருமோ என்ற அச்சம், முடிக்க வேண்டிய வேலையின் நெருக்கடி, ஓய்வு கேட்கத் தயங்கும் நிலை ஆகியவற்றை ஒளிப்படம் காட்டாது. அவற்றை அறிய ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். மோடெனாவின் கழிவுக்குழித் தொழிலாளி ஏன் விரைந்தார் என்பதை அவருடைய உடலின் கோணங்கள் கூறியிருக்கமாட்டா. அவருடைய வாய்ச்சொல்லே கூறியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவரிடம் செல்லும்போது, கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலைக் கூறுங்கள். பதவியின் பெயர் மட்டும் போதாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அமர்கிறீர்கள் அல்லது நிற்கிறீர்கள், எந்தக் கை அதிகம் அசைகிறது, எவ்வளவு எடையைத் தூக்குகிறீர்கள் என்பவற்றையும் சொல்லுங்கள். முன்பு செய்த தொழிலையும் குறிப்பிடுங்கள்.

• வலி எப்போது கூடுகிறது, விடுமுறை நாள்களில் குறைகிறதா என்பதைக் கவனித்துக் குறித்துவையுங்கள். வேலை நாளில் கூடி, ஓய்வில் குறையும் வலி தொழிலோடு தொடர்புடையதாக இருக்கலாம்.

• விரல்களில் மரத்துப்போதல், பிடிமானம் தளர்தல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் கைவலி ஆகியவை தொடர்ந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுங்கள். ஒரு கைக்கு வலி வந்தபின் வேலையை அப்படியே மறுகைக்கு மாற்றுவது மட்டும் தீர்வாகாது.

• ஒரே நிலையில் நெடுநேரம் இருக்காதீர்கள். அமர்ந்திருப்பவர் இடையிடையே எழுந்து நடப்பதும், நின்றிருப்பவர் அமர்வதும், கண்களைத் திரையிலிருந்து எடுத்துத் தொலைவில் நோக்குவதும் நன்று.

• உங்கள் பணியிடத்தை மதிப்பிட வல்லுநரோ மென்பொருளோ வரும்போது, வழக்கமாக வேலை செய்வது போலவே செய்துகாட்டுங்கள். வலி, களைப்பு, வேலை நெருக்கடி ஆகியவற்றையும் மறைக்காமல் தெரிவியுங்கள். மதிப்பெண் குறைவாக வந்தாலும் உங்கள் வலி பொய்யாகிவிடாது.

• நீங்கள் பிறரை வேலைக்கு அமர்த்துபவராயின், மேசையின் உயரம், இருக்கை, சுமையின் எடை, ஓய்வு நேரம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன் அந்த வேலையைச் செய்பவரையே கேளுங்கள்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிவிற்காக வழங்கப்படுபவை. உங்கள் உடல்நிலைக்குரிய ஆலோசனையைத் தகுதிபெற்ற மருத்துவரிடம் பெறுங்கள்.